பதினாறு வயதுத் தியாகச் சுடர் – தில்லையாடி வள்ளியம்மை

தியாகம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் பெரிய தலைவர்களின் முகங்களே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. போர்க்களத்தில் வாளேந்தியவர்களும், தூக்குமேடை ஏறியவர்களும், மேடைகளில் முழங்கியவர்களும் வரலாற்று நூலின் பக்கங்களை நிரப்பிவிடுகின்றனர். கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வியக்கும் நாம், அதைத் தாங்கிக்கொண்டு மண்ணுக்குள் கிடக்கும் கற்களை நினைப்பதில்லை. அவ்வாறு மண்ணுக்குள் மறைந்த கற்களுள் ஒன்றே தில்லையாடி வள்ளியம்மை. அவள் அரசகுலத்தில் பிறக்கவில்லை. பெரும் படிப்புப் படிக்கவில்லை. எந்தக் கூட்டத்திற்கும் தலைமை தாங்கவில்லை. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நமக்கு இப்பொழுது என்ன வயதோ, அந்த வயதில் அவள் சிறை சென்றாள். பதினாறு வயது நிறைந்த அன்றே உயிர் நீத்தாள். அவளது வாழ்க்கை வரலாற்றை நம் பள்ளித் தோழியர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

வள்ளியம்மையின் கதையை அறிய, முதலில் நம்மவர் கடல் கடந்த கதையை அறிய வேண்டும். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் வெள்ளையர்கள் பெரிய கரும்புத் தோட்டங்களை அமைத்திருந்தனர். அவற்றில் உழைக்க ஆட்கள் போதவில்லை. எனவே இந்தியாவிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கூலிகளை அழைத்துச் சென்றனர். 1860-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற ‘டுரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதன் பிறகு 1911-ஆம் ஆண்டு வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் இவ்வாறு சென்றனர். அவர்களுள் மிகப் பலர் தமிழர்கள். வறுமையும் பஞ்சமும் துரத்த, ஊரையும் உறவையும் விட்டுக் கப்பல் ஏறிய ஏழை எளியவர்கள். கரும்புக் கொல்லைகளிலும், நிலக்கரிச் சுரங்கங்களிலும், இருப்புப்பாதைகளிலும் அவர்கள் வியர்வை சிந்தினர்.

ஒப்பந்தம் முடிந்த கூலிகள் அங்கேயே நிலைத்து, காய்கறி பயிரிட்டும் சிறு கடை வைத்தும் தலைநிமிரத் தொடங்கியபோது வெள்ளை அரசு அதைப் பொறுக்கவில்லை. 1895-ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்தது. அதன்படி ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும், அல்லது மீண்டும் ஒப்பந்தத்திலேயே கட்டுண்டு கிடக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஆண்டுதோறும் 3 பவுன் தலைவரி செலுத்த வேண்டும். ஒப்பந்தக் கூலியின் முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங்தான். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். அப்படியானால் ஆறு மாதச் சம்பளத்தை அப்படியே கொண்டுபோய் வரியாகக் கொட்ட வேண்டும்! பிறகு இந்த வரி பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆண்பிள்ளை என்றால் 16 வயதிலிருந்து. பெண்பிள்ளை என்றால் 13 வயதிலிருந்து. பதின்மூன்று வயது என்றால் நம் பள்ளியில் எட்டாம் வகுப்புச் சிறுமியின் வயது அல்லவா? ஒரு கணவன், மனைவி, வயது வந்த இரு பிள்ளைகள் உள்ள குடும்பம் ஆண்டுக்கு 12 பவுன் கட்ட வேண்டியிருந்தது. கட்ட இயலாதவர்கள் மீண்டும் அடிமை வேலைக்கே போயினர்.

நேட்டாலுக்கு அடுத்தது டிரான்ஸ்வால் பகுதி. அங்குள்ள தங்கச் சுரங்க நகரமே ஜோகன்னஸ்பர்க். அந்நகரில் முனுசாமி முதலியாருக்கும் மங்களத்தம்மாளுக்கும் மகளாக 1898-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள் வள்ளியம்மை பிறந்தாள். பெற்றோர் பிழைப்பை நாடித் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியே அவர்கள் குடும்பத்தின் ஊர். வள்ளியம்மை அவ்வூர் மண்ணை மிதித்தவள் அல்லள். ஆயினும் அந்த ஊரின் பெயரே அவள் பெயருக்கு முன் நிலையாக நின்றுவிட்டது.

அவள் சிறுமியாய் இருந்த காலத்தில் ஜோகன்னஸ்பர்க்கே இந்தியரின் போராட்டக் களமாய் இருந்தது. இந்தியர் ஒவ்வொருவரும் குற்றவாளிகளைப் போலப் பத்து விரல்களின் ரேகையையும் பதிந்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, 1906-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் காந்தியடிகளின் முன்னிலையில் மக்கள் உறுதி பூண்டனர். அறவழியில் அடங்க மறுக்கும் அந்தப் போருக்குப் பின்னர்ச் சத்தியாக்கிரகம் என்று பெயர் வந்தது. அதில் சிறை சென்றவர்களுள் தமிழர் தொகை மிகுதி. பதினெட்டு வயதே ஆன நாகப்பன் என்னும் இளைஞன் 1909-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பத்து நாள் கடுங்காவல் பெற்றான். சிறையிலிருந்து வெளிவரும்போதே நுரையீரல் காய்ச்சலுடன் வந்து, ஜூலை 6-ஆம் நாள் இறந்தான். நாராயணசாமி என்னும் மற்றொருவர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். திரும்பி வந்தபோது கரையிறங்க அனுமதி மறுக்கப்பட்டு, 1910-ஆம் ஆண்டு டெலகோவா விரிகுடாவில் உயிர் துறந்தார். இந்தச் செய்திகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவள் வள்ளியம்மை. சிறைக்குப் போனால் என்ன நேரும் என்று அறியாமல் அவள் போகவில்லை; நன்கு அறிந்தே போனாள்.

1913-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் கேப் நகர நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் என்பவர் ஒரு தீர்ப்பு வழங்கினார். அதனால் கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவு செய்யப்பட்ட திருமணங்களைத் தவிர மற்றத் திருமணங்கள் சட்டப்படி செல்லா என்னும் நிலை ஏற்பட்டது. தாலி கட்டி வாழ்ந்த நம் தாய்மார்கள் மனைவியர் என்னும் உரிமையை இழந்தனர். பிள்ளைகள் வாரிசு உரிமையை இழந்தனர். அதுவரை பெண்களைப் போராட்டத்தில் சேர்க்காதிருந்த காந்தியடிகள் இப்பொழுது அவர்களுக்கும் வழி திறந்தார். செப்டம்பரில் அன்னை கஸ்தூரிபாய் உள்ளிட்ட முதல் குழு பீனிக்ஸ் ஆசிரமத்திலிருந்து புறப்பட்டுச் சிறை புகுந்தது. அடுத்து டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு பெண்கள் புறப்பட்டனர். ஒருவரைத் தவிர அனைவரும் தமிழ்ப் பெண்கள். சிலர் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. அனுமதியின்றி எல்லை கடந்து, நேட்டாலில் உள்ள நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தை அடைந்தனர். அங்கு வேலை செய்த தொழிலாளரிடம் 3 பவுன் வரியின் கொடுமையை எடுத்துச் சொன்னார்கள். தமிழ் பேசிய அத்தாய்மாரின் சொல்லைக் கேட்ட சுரங்கத் தொழிலாளர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினர்.

இங்கே மற்றோர் எளிய குடும்பத்தையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். நியூகாசிலில் லாசரஸ் என்னும் கிறிஸ்தவத் தமிழர் இருந்தார். இரண்டு மூன்று அறைகள் கொண்ட சிறிய வீடும் கொஞ்சம் நிலமுமே அவருக்கு இருந்த சொத்து. போராட வந்தவர்களுக்கு அவர் வீடு திறந்தே இருந்தது. வேலையை விட்டு வெளியேறிய தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் அவர் வாயிலில் வந்து குவிந்தனர். அவ்வீட்டு அடுப்பு இரவும் பகலும் அணையவில்லை. திருமதி லாசரஸ் நாள் முழுவதும் ஓயாது உழைத்தார்; அவர் முகத்தில் புன்னகை மாறவில்லை. அரசின் சினத்திற்கு ஆளாவோம் என்று அறிந்தும் கதவைச் சாத்தாத அந்தத் தம்பதியரும் வீரர்களே. சமைத்துப் போட்ட கையும் போராடிய கையே என்றால் மிகையாகாது.

நவம்பர் 6-ஆம் நாள் தொழிலாளர்களின் மாபெரும் நடைப்பயணம் தொடங்கியது. 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று காந்தியடிகள் கணக்குக் கொடுக்கிறார். வழியில் அவர்களுக்கு உணவு ரொட்டியும் சிறிது சர்க்கரையும்தான். அவ்வழியில் இரண்டு தாய்மார்கள் தம் பச்சிளங் குழந்தைகளை இழந்தனர். ஒரு குழந்தை குளிர் தாங்காமல் இறந்தது; மற்றொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி நீரில் மூழ்கியது. அத்தாய்மார்கள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மேலும் நடந்தனர். அவர்களுடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

பதினொரு பெண்களும் கைதாகி மூன்று மாதக் கடுங்காவல் பெற்றுச் சிறையில் அடைக்கப்பட்டனர். அக்டோபர் முடியும் தறுவாயில் டிரான்ஸ்வால் பெண்களின் இரண்டாம் குழு கிளம்பியது. அதில் மங்களத்தம்மாளும் இருந்தார். தாயோடு மகளும் கிளம்பினாள். அப்பொழுது வள்ளியம்மைக்கு வயது பதினைந்து.

தோழியரே! இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 3 பவுன் வரி நேட்டால் அரசின் சட்டம். டிரான்ஸ்வாலில் பிறந்து வளர்ந்த வள்ளியம்மை அந்த வரியைக் கட்ட வேண்டியவள் அல்லள். திருமணத் தீர்ப்போ மணமாகாத அவளை நேரே தொடவில்லை. அவள் வீட்டில் இருந்திருந்தால் யாரும் அவளைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். சிறுபெண் என்று சொல்லி எல்லோரும் அன்புடன் விட்டிருப்பார்கள். தனக்கு வந்த துன்பத்தை எதிர்ப்பது இயற்கை. தன்னைத் தொடாத துன்பத்தைத் தன் துன்பமாக எண்ணிக் கிளம்புவதே தியாகம். முகம் அறியாத கரும்புத் தோட்டத்துச் சிறுமிகளுக்காக அவள் எல்லையைக் கடந்தாள்.

அக்குழுவினர் நேட்டாலின் பல ஊர்களுக்கும் சென்றனர். தொழிலாளர்களைக் கூட்டி வரியின் அநீதியை விளக்கினர். வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. பல்லாயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். அரசு அடித்தது; சிறையிலிட்டது; சில இடங்களில் துப்பாக்கிச் சூடும் நடந்து உயிர்கள் போயின. செய்தி இந்தியாவெங்கும் கொதிப்பை உண்டாக்கியது. அதே நவம்பரில் சென்னையில் பேசிய வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு, பிரிட்டிஷ் ஆட்சியின் பிரதிநிதியாய் இருந்தும், தென்னாப்பிரிக்க இந்தியர்பால் தம் இரக்கத்தை வெளிப்படையாகவே தெரிவித்தார்.

டிசம்பரில் காற்று மாறத் தொடங்கியது. 18-ஆம் நாள் காந்தியடிகள் விடுதலை செய்யப்பட்டார். ஆனால் வள்ளியம்மைக்கும் அவள் தாய்க்கும் அதே டிசம்பரில்தான் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. இருவரும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

அச்சிறையில் நம் பெண்களுக்குக் கிடைத்த உணவு மிக மட்டமானது. வேலையோ துணி வெளுப்பது. நம் சீருடையை ஒருநாள் துவைப்பதற்கே நாம் எத்தனை முறை முகம் சுளிக்கிறோம்! அவர்கள் கைதிகளின் துணி மூட்டைகளை நாள்தோறும் வெளுத்தனர். சிறை சென்ற சில நாள்களிலேயே வள்ளியம்மை காய்ச்சலில் வீழ்ந்தாள். நமக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா கஞ்சி வைத்துக் கொடுப்பார். நெற்றியில் பற்றுப் போடுவார். பள்ளிக்கு விடுப்புக் கடிதம் வரும். அவளுக்குக் கிடைத்தது சிறைச் சோறும் சிறைத் தரையுமே.

அவள் நிலையைக் கண்ட சிறை அதிகாரிகள், தண்டனைக் காலம் முடியுமுன்பே விடுதலை செய்ய முன்வந்தனர். வள்ளியம்மை அதை மறுத்துவிட்டாள்.

அவள் வாழ்வின் உச்சம் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. போர்க்களத்தில் ஆவேசம் துணைக்கு வரும். கூட்டத்தில் கைதட்டல் துணைக்கு வரும். நோயுற்றுப் படுத்திருக்கும் பெண்ணுக்கு எதுவும் துணைக்கு வராது. கதவு திறந்திருக்கிறது, வெளியே மருந்து இருக்கிறது, வீடு இருக்கிறது, போனால் பழிப்பார் யாருமில்லை. ஆயினும் மற்றவர்கள் உள்ளே இருக்கும்போது தான் மட்டும் வெளியேற அவள் மனம் இசையவில்லை. ஓசையில்லாமல் சொன்ன அந்த ‘மாட்டேன்’ என்னும் ஒரு சொல், ஆயிரம் முழக்கங்களைவிட வலிமை வாய்ந்தது.

1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விடுதலையாகி ஜோகன்னஸ்பர்க் திரும்பியபோது அவள் படுக்கையிலேயே கிடந்தாள். காந்தியடிகள் அவளைப் பார்க்கச் சென்றார். வள்ளியம்மை உயரமான பெண். அந்த உடல் எலும்பும் தோலுமாய்க் கிடந்த காட்சி பார்ப்பதற்கே அச்சம் தருவதாய் இருந்தது என்று அவர் பின்னாளில் எழுதினார். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று அவர் கேட்டார். வருத்தம் சிறிதும் இல்லை என்றும், மீண்டும் கைது செய்தால் மறுபடியும் போக ஆயத்தம் என்றும் அவள் விடையளித்தாள். சாவு நேர்ந்தாலும் கவலையில்லை, பிறந்த நாட்டுக்காக உயிர்விட யார்தாம் விரும்பமாட்டார்கள் என்பதே அவள் கருத்து. கண்ணால் ஒருமுறையும் பாராத நாட்டை அவள் பிறந்த நாடாக நெஞ்சில் வைத்திருந்தாள்!

சில நாள்களில், 1914-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள் வள்ளியம்மையின் உயிர் பிரிந்தது. அன்று அவளுடைய பிறந்த நாள்.

அவள் மறைந்து ஐந்து மாதங்கள் நிறையுமுன்பே வெற்றி வந்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை ஒழித்தது. செலுத்தாமல் நின்றுபோன பழைய வரியும் தள்ளுபடியாயிற்று. நம்மவர் திருமணங்களும் சட்டப்படி ஏற்கப்பட்டன. வெற்றியைக் காண வள்ளியம்மை இல்லை. எழுபத்தைந்து வயது முதியவராய் வலிய வந்து சிறை புகுந்து, ஜனவரி 5-ஆம் நாள் டர்பன் சிறையிலேயே இறந்த அர்பத்சிங்கும் இல்லை. நட்டவர்கள் போய்விட்டார்கள், நிழலில் மற்றவர்கள் அமர்ந்தார்கள்.

1914-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்போன்டீன் கல்லறைத் தோட்டத்தில் நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் நினைவுக் கற்கள் திறக்கப்பட்டன. மூன்று நாள்கள் கழித்து, 18-ஆம் நாள் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். இந்தியா திரும்பிய அவர் 1915-ஆம் ஆண்டிலேயே தில்லையாடிக்கு வந்தார். தம் போராட்டத்தில் தோள் கொடுத்த எளிய மக்களின் மண்ணைக் காண வேண்டும் என்பது அவர் விருப்பம்.

வள்ளியம்மையின் பெயரால் ஒரு மண்டபம் எழுப்ப வேண்டும் என்று அன்று தென்னாப்பிரிக்க இந்தியர் தீர்மானித்தனர். அது அப்பொழுது கைகூடவில்லை. பின்னாளில் தில்லையாடியிலேயே தமிழக அரசு அவளுக்கு நினைவு மண்டபம் அமைத்தது. சென்னை எழும்பூரிலுள்ள கோ-ஆப்டெக்ஸ் கட்டடம் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர் பெற்றது. 2008-ஆம் ஆண்டு இந்திய அரசு அவள் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி 1994-ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. அதன்பின் 1997-ஆம் ஆண்டு அவளுடைய கல்லறை புதுப்பிக்கப்பட்டு மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது. விடுதலை பெற்ற அந்நாடும் தன் பழைய மகளை மறக்கவில்லை.

அன்புத் தோழியரே! வள்ளியம்மையின் வரலாற்றைப் படிக்கும்போது நாம் சிறைக்குப் போக வேண்டும் என்று எண்ணத் தேவையில்லை. அவள் காட்டிய துணிவு அன்றாட வாழ்விலும் தேவைப்படுகிறது. வகுப்பில் எல்லோரும் ஒரு பெண்ணை ஏளனம் செய்யும்போது அவள் பக்கத்தில் போய் உட்காரத் துணிவு வேண்டும். நம்மைத் தொடாத அநீதியைக் கண்டும் நமக்கென்ன என்று ஒதுங்காதிருக்கத் துணிவு வேண்டும். நமக்கு மட்டும் சலுகை கிடைக்கும்போது, மற்றவருக்கும் கிடைக்கட்டும் என்று காத்திருக்கத் துணிவு வேண்டும். விடியுமுன் எழுந்து உலை வைத்து, எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் நம் அன்னையர் இந்தத் தியாகத்தை நாள்தோறும் செய்கின்றனர். அதற்கு நாம் பெயர் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

வரலாறு தலைவர்களால் மட்டும் ஆனது அன்று. அடுப்பு எரித்த திருமதி லாசரஸும், குழந்தையைப் பறிகொடுத்தும் நடந்த பெயரறியாத் தாய்மாரும், காய்ச்சலிலும் கதவைக் கடக்க மறுத்த வள்ளியம்மையும் சேர்ந்தே வரலாற்றை எழுதினார்கள். நம்மைப் போன்ற எளியவர்களால் என்ன செய்ய முடியும் என்று இனி நாம் கேட்க வேண்டா. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அதற்கு என்றோ விடை கூறிவிட்டாள்.

வாழ்க வள்ளியம்மையின் புகழ்!